கல்லூரியில் மாணவர் நுண்கடன் மன்றம் தொடங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்கடன் என்பது, வங்கிக் கடன் எளிதில் கிடைக்காத சிறுதொழில் செய்பவர்களுக்குத் தரும் சிறு தொகைக் கடன். அதற்கான மன்றம் தொடங்க விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, பணம் எப்படித் திரட்டுவது, யாருக்குக் கொடுப்பது என்றுதான். ஆனால் பணம் கொடுப்பது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அதைத் திரும்ப வாங்குவது பல மாத வேலை. அதற்குள் தேர்வு வரும், விடுமுறை வரும், கடன் கொடுத்தவரே பட்டம் வாங்கிப் போய்விடுவார். அதனால் கீழே உள்ள பதில்களில் வசூலும், பொறுப்பை அடுத்தவரிடம் கைமாற்றுவதும் திரும்பத் திரும்ப வரும்.

மன்றம் என்றால் நாங்களே நேரடியாகக் கடன் கொடுக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. மாணவர் மன்றங்கள் மூன்று விதமாக இயங்கலாம். முதலாவது, பணம் திரட்டி இணையத் தளம் வழியாகவோ ஒரு நுண்கடன் நிறுவனம் வழியாகவோ கடனாக அனுப்புவது. இரண்டாவது, அருகிலேயே இயங்கும் கடன் சங்கம், தொண்டு நிறுவனம், சுயஉதவிக் குழு ஒன்றுக்கு ஆள்பலமாக இருப்பது: கணக்கு எழுதப் பழக்குவது, விண்ணப்பம் நிரப்ப உதவுவது, தொழில் திட்டம் போட்டுத் தருவது. மூன்றாவது, மன்றமே தன் நிதியிலிருந்து கடன் கொடுத்து வசூலிப்பது.

முதல் ஆண்டில் முதல் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்வதே நல்லது. மூன்றாவதற்கு ஆசைப்படுவது இயல்பு. அதில்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது. ஆனால் அங்கே தவறு நடந்தால் பாதிக்கப்படுவது கடன் வாங்கியவரின் குடும்பம். ஓர் ஆண்டு முழுக்க இன்னொரு அமைப்பின் வசூல் கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்த பிறகு நேரடிக் கடனைப் பற்றி யோசியுங்கள்.

மாணவர்களால் இது ஆகக்கூடிய காரியம்தானா?

இந்தத் துறையின் தொடக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. வங்கதேசத்தின் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த முகமது யூனுஸ், 1976-இல் வளாகத்தை ஒட்டிய ஜோப்ரா கிராமத்தில், வட்டிக்காரர்களிடம் சிக்கியிருந்தவர்களின் பட்டியலை மாணவர் உதவியோடு எடுத்தார். 42 பேருக்குத் தேவைப்பட்ட மொத்தத் தொகை சுமார் 27 டாலர். அதைத் தன் கையிலிருந்தே கொடுத்தார். பிறகு வங்கியிடம் தானே ஜாமீன் நின்று கடன் வாங்கிக் கொடுத்தார். அந்த முயற்சி 1983-இல் கிராமீன் வங்கியானது. 2006-இல் வங்கிக்கும் அவருக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதில் எல்லோர் கண்ணும் 27 டாலரில்தான் நிற்கிறது. அதற்கு முன் எடுத்த பட்டியலைக் கவனியுங்கள். யார், எவ்வளவு, யாரிடம், எதற்காகக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியது மாணவர்களால் நன்றாகவே செய்யக்கூடிய வேலை.

எத்தனை பேர் வேண்டும்? யாருக்கு என்ன பொறுப்பு?

ஆறு முதல் பத்துப் பேர் கொண்ட உழைக்கும் குழு போதும். கூட்டத்துக்கு மட்டும் வருபவர்கள் வேறு. தலைவர், செயலர் என்ற பதவிகளைவிட இந்த வேலைகளுக்கு ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்: பணத்தைக் கையாளுபவர், கணக்கு எழுதுபவர், விண்ணப்பதாரரைச் சந்திப்பவர்கள், வசூலைத் தொடருபவர். பணத்தைக் கையாளுபவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. நம்பிக்கைக் குறைவால் சொல்வதில்லை; ஒரே ஆள் இரண்டையும் செய்தால், கணக்கில் பிழை வரும்போது அவர் குற்றமற்றவர் என்று காட்ட வழியே இருக்காது.

கடன் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவை விண்ணப்பதாரரைச் சந்தித்தவர் எடுக்கக் கூடாது. அவர் அறிக்கை தர வேண்டும். சந்திக்காத மூவர் முடிவு செய்ய வேண்டும். நேரில் பேசியவருக்கு இரக்கம் வந்துவிடும், அது சரியும்கூட. ஆனால் கட்ட முடியாத கடனைக் கொடுப்பது இரக்கம் ஆகாது.

பொறுப்பாசிரியராகப் பெயருக்கு ஒருவரைப் போடாதீர்கள். கணக்கியல், பொருளியல், சட்டம் ஆகிய துறைகளில் ஒன்றிலிருந்து, குறைந்தது மூன்றாண்டு தொடர்ந்து இருக்கக்கூடியவராகப் பாருங்கள். மாணவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் அமைப்பில் அவர் ஒருவர்தான் நிலையானவர்.

கல்லூரியிடம் என்னென்ன அனுமதி வாங்க வேண்டும்?

மன்றமாகப் பதிவு செய்வது எளிது. பண விஷயம்தான் இழுக்கும். மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மன்றத்தின் பணம் எந்தக் கணக்கில் இருக்கும், யார் இருவர் கையெழுத்தில் வெளியே போகும், மன்றம் கலைந்தால் மீதி யாருக்குப் போகும். கல்லூரியின் பொதுக் கணக்கில் போட்டால் ஆண்டு முடிவில் செலவாகாத தொகை கல்லூரி நிதியோடு கலந்துவிடும் ஆபத்து உண்டு. நன்கொடையாகத் திரட்டியது கடன் நிதி என்பதால் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகப்படும் என்று தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். உறுப்பினர் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில், தற்காலிகமாகக்கூட, பணம் போடாதீர்கள்.

சட்டச் சிக்கல் எங்கே வரும்?

மூன்று இடங்களில். ஒன்று, கடன் கொடுப்பது. பல நாடுகளில் வட்டிக்குக் கடன் கொடுப்பதற்கு உரிமம் தேவை. வட்டிக்கு உச்சவரம்பும் இருக்கும். இரண்டு, சேமிப்பு வாங்குவது. பொதுமக்களிடம் வைப்பு பெறுவது கடன் கொடுப்பதைவிடக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட செயல். ‘கடன் வாங்குபவர் வாரம் கொஞ்சம் எங்களிடம் சேமிக்கட்டும்’ என்ற நல்லெண்ணத் திட்டம் மன்றத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும். சேமிப்புக்கு அவரை வங்கிக்கோ அஞ்சலகத்துக்கோ கூட்டிக்கொண்டு போய்க் கணக்குத் தொடங்க உதவுங்கள். மூன்று, தனிப்பட்ட விவரங்கள். அடையாள அட்டை நகல், வருமான விவரம் எல்லாம் குழு அரட்டையில் சுற்றக் கூடாது. பூட்டிய ஒரே இடத்தில் இருக்க வேண்டும், கடன் முடிந்து குறிப்பிட்ட காலத்தில் அழிக்கப்பட வேண்டும்.

பணம் வெளியே போகும் முன் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். உரிமம் கிடைக்காத இடத்தில், உரிமம் உள்ள அமைப்பு கடன் கொடுக்க, மன்றம் நிதியும் உழைப்பும் தரலாம்.

தொடக்க நிதி எவ்வளவு வேண்டும்?

நேரடிக் கடன் என்றால் முதல் சுற்றில் ஐந்து கடனுக்குப் போதுமான தொகை, அதோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கையிருப்பு. எல்லாப் பணத்தையும் வெளியே விடாதீர்கள். வட்டியில்லாமல் கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு திரும்பாமல் போனால், 10,000 இருந்த நிதி நான்கு சுற்றில் 6,561 ஆகிவிடும். ஆண்டுக்கு இரண்டு சுற்று என்றால் இரண்டே ஆண்டு. நன்கொடை தந்தவர்களிடம் ‘உங்கள் பணம் சுழன்றுகொண்டே இருக்கும்’ என்று சொல்லும் முன் இந்தக் கணக்கையும் சொல்லுங்கள்.

இன்னொன்று: கடன் நிதியை வேறு, நிர்வாகச் செலவை வேறு வையுங்கள். பதாகை அச்சடிக்கக் கடன் நிதியில் கைவைத்த மன்றத்தை அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

இணையம் வழியாகக் கடன் கொடுப்பது எப்படி நடக்கிறது?

இதில் நன்கு அறியப்பட்டது 2005-இல் தொடங்கிய கீவா (Kiva) என்ற தளம். சிறு தொகையிலிருந்தே கடன் தரலாம். தருபவருக்கு வட்டி கிடையாது. பணம் தவணை தவணையாகத் திரும்பும்; அதை மறுபடி இன்னொருவருக்குக் கொடுக்கலாம். மன்றத்துக்கு ஒரு பொது மின்னஞ்சல் முகவரி உருவாக்கி அதில் கணக்குத் தொடங்குங்கள். ஒரு மாணவரின் சொந்த முகவரியில் தொடங்கினால் அவர் போனபின் பணம் அங்கேயே முடங்கும்.

உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே விளக்க வேண்டியவை சில உண்டு. நீங்கள் பார்க்கும் நபருக்கு உள்ளூர் கூட்டாளி நிறுவனம் பெரும்பாலும் முன்பே பணத்தைக் கொடுத்திருக்கும். உங்கள் பணம் அந்த இடத்தை நிரப்புகிறது. உங்களுக்கு வட்டி இல்லை என்பதால் வாங்கியவருக்கும் வட்டி இல்லை என்று ஆகாது. கூட்டாளி நிறுவனம் தன் செலவுக்கு வட்டி வாங்கலாம். கடன் வராமல் போகும் ஆபத்தும், நாணய மதிப்பு இறங்கும் ஆபத்தும் தருபவர் தலையில் விழலாம். ஆகவே முகத்தையும் கதையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், கூட்டாளி நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து, கடன் வாங்குபவருக்கு ஆகும் சராசரிச் செலவு, திரும்பாத விகிதம் இரண்டையும் பாருங்கள். கூட்டத்தில் இரண்டு நிறுவனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விவாதிப்பது நல்ல பயிற்சி.

நேரடிக் கடனுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது?

ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருப்பவரை. புதிதாகத் தொடங்குபவருக்கு முதலில் தேவை ஆலோசனை அல்லது மானியம். வருமானம் வரும் முன்பே தவணை வந்து நிற்கும் கடன் அவருக்குச் சுமை. சக மாணவர்களுக்கும் உறுப்பினர்களின் உறவினர்களுக்கும் கொடுக்காதீர்கள்: வசூல் கேட்கவும் முடியாது, கேட்டால் உறவும் கெடும்.

விண்ணப்பத்தில் எதைப் பார்ப்பது?

தொழில் யோசனை எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். வாரா வாரம் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் முதல் கேள்வி. தையல் தொழில் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நல்ல வாரத்தில் வரவு 1,000. நூல், பொத்தான், மின்சாரம் என்று தொழில் செலவு 350. வீட்டுச் செலவு 400. மிச்சம் 250. மந்தமான வாரத்தில் வரவு 600, தொழில் செலவு 200, வீட்டுச் செலவு அதே 400. மிச்சம் ஒன்றுமில்லை. நான்கு வாரத்தில் ஒன்று மந்தம் என்றால் மாதத்துக்கு 750 மிஞ்சுகிறது.

‘வாரம் உங்களால் எவ்வளவு கட்ட முடியும்?’ என்று கேட்டால் அவர் நல்ல வாரத்தை நினைத்து 250 என்பார். முதல் மந்தமான வாரத்திலேயே தவறுவார். மாத மிச்சத்தில் பாதிக்குமேல் தவணைக்குப் போகக் கூடாது என்று வைத்தால் எல்லை 375. வட்டியில்லாத 3,000 கடனை மாதம் 300 வீதம் பத்து மாதத்தில் கட்டுவது இந்த எல்லைக்குள் அடங்கும். 5,000 கேட்டால் அதே பத்து மாதத்தில் அடங்காது. காலத்தை நீட்டுங்கள் அல்லது தொகையைக் குறையுங்கள்.

புதிய இயந்திரம் வந்தபின் வரப்போகும் கூடுதல் வருமானத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது வந்தால் நல்லது. வராவிட்டாலும் பழைய வருமானத்தில் தவணை கட்ட முடிய வேண்டும்.

வேறு எங்கெல்லாம் கடன் இருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். நகைக்கடன், தெரிந்தவரிடம் கைமாற்று, கடையில் பாக்கி எல்லாம் சேர்த்துத்தான். 2010-இல் ஆந்திரப் பிரதேசத்தில் நுண்கடன் துறை நெருக்கடியில் விழுந்தபோது, ஒரே குடும்பத்துக்குப் பல நிறுவனங்கள் போட்டிபோட்டுக் கடன் கொடுத்திருந்ததும், வசூலில் காட்டிய கெடுபிடியும் முக்கியக் காரணங்களாகப் பேசப்பட்டன. அந்த அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் வசூல் ஏறக்குறைய நின்றே போனது.

வட்டி வாங்கலாமா? எவ்வளவு?

சிறிய மன்றத்துக்கு வட்டி பெரிய பாதுகாப்பு இல்லை. 1,000 கடனுக்குக் குறையும் பாக்கியின் மேல் மாதம் 1 சதவீதம் வைத்து, பத்துச் சம தவணையில் அசலை வாங்கினால் மொத்த வட்டி 55. ஒரே ஒரு கடன் முழுதாகப் போனால் அதை ஈடுகட்டப் பத்தொன்பது கடன்களின் வட்டி வேண்டும். நிதியைக் காப்பது நல்ல தேர்வும் ஒழுங்கான வசூலும்தான். சட்டம் இடம் கொடுக்காவிட்டால் வட்டி கேட்காதீர்கள். சேவைக் கட்டணம் என்று பெயர் மாற்றி வாங்குவதும் அதே சிக்கல்தான்.

வாங்குவதாக இருந்தால், முதலில் கொடுத்த முழுத் தொகைக்கும் கடைசிவரை கணக்கிடும் வட்டி வேண்டாம். 1,000 கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்று முழுத் தொகைக்கும் கணக்கிட்டு 1,120-ஐப் பன்னிரண்டு தவணையாக வாங்கினால், உண்மையான ஆண்டு வட்டி ஏறக்குறைய 21.5 சதவீதம். அசல் மாதா மாதம் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் குறையவில்லை. வாங்குபவரிடம் 12 என்று சொல்லி 21.5 வாங்கும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளவா மாணவர்கள் இதைத் தொடங்குகிறார்கள்? கடன் பத்திரத்தில் மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறார் என்ற ஒற்றை எண்ணைப் பெரிதாக எழுதுங்கள்.

தவணை வாரமா, மாதமா? குழுப் பொறுப்பு வேண்டுமா?

வாரத் தவணைதான் ஒழுக்கத்தைக் காக்கும் என்ற பழைய நம்பிக்கை அவ்வளவு உறுதியானதல்ல. கொல்கத்தாவில் பொருளியலாளர்கள் எரிக்கா ஃபீல்டும் ரோகிணி பாண்டேயும் செய்த ஆய்வில், முதல் முறை கடன் வாங்கியவர்களிடையே வாரத் தவணைக்கும் மாதத் தவணைக்கும் திரும்பிவராத கடனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் பங்கெடுத்த இன்னோர் ஆய்வில், முதல் தவணைக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்தபோது தொழிலில் முதலீடு கூடியது, பின்னாளில் லாபமும் கூடியது. கூடவே வராக்கடனும் கூடியது. மன்றத்தைப் பொறுத்தவரை, வகுப்பு நேரத்துக்கு இடையில் ஒழுங்காகச் செய்யக்கூடியது மாதத் தவணைதான்.

ஒருவர் கட்டாவிட்டால் குழுவே கட்ட வேண்டும் என்ற முறையையும் எடுத்துவிடலாம். பிலிப்பைன்ஸில் சேவியர் ஜினேயும் டீன் கார்லனும் செய்த ஆய்வில், குழுப் பொறுப்பை நீக்கித் தனிநபர் பொறுப்பாக மாற்றியபின்னும் கடன் திரும்புவது குறையவில்லை. குழுவாகக் கூடுவதில் நன்மை உண்டு, தகவலும் துணிவும் கிடைக்கும். அக்கம்பக்கத்தாரை வைத்து நெருக்குவது வேறு.

தவணை தவறினால் என்ன செய்வது?

முன்பே எழுதி வைத்த ஒழுங்குப்படி செய்யுங்கள். அன்றைக்குக் கூடிப் பேசி முடிவெடுக்காதீர்கள். தவணை நாளுக்கு மூன்று நாள் முன்பு நினைவூட்டல். தவறிய மறுநாளே ஒரு தொலைபேசி அழைப்பு: மிரட்டல் இல்லை, என்ன ஆயிற்று என்ற விசாரிப்பு. பெரும்பாலான மன்றங்கள் இங்கேதான் சறுக்கும். கூச்சப்பட்டு இரண்டு வாரம் விட்டுவிடுவார்கள். அவரும் கூச்சப்பட்டு அழைப்பை எடுக்க மாட்டார். ஏழாம் நாள் இருவராகப் போய்ச் சந்தியுங்கள். தனியாகப் போக வேண்டாம், இருட்டியபின் போக வேண்டாம், அவர் வாடிக்கையாளர் முன் கடனைப் பற்றிப் பேச வேண்டாம்.

முப்பதாம் நாளுக்குள் காரணத்தைப் பிரித்துவிடுங்கள். நோய், தொழில் முடக்கம் போன்றவற்றால் கட்ட முடியாதவருக்குத் தவணையைக் குறைத்துப் புதிய அட்டவணை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தும் கட்டாதவருக்கு அடுத்த கடன் கிடையாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தொண்ணூறு நாள் தாண்டினால் கணக்கில் வராக்கடனாகத் தள்ளிவிடுங்கள். பழைய கடனை அடைக்கப் புதிய கடன் கொடுப்பது கணக்கை மட்டும் அழகாக்கும். கடன் வாங்கியவரின் சுமை கூடும்.

கணக்கில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

கடன் பேரேட்டில் ஒவ்வொரு கடனுக்கும் தொகை, கொடுத்த நாள், தவணை நாள், கட்ட வேண்டியது, கட்டியது, பாக்கி அசல், தாமத நாள்கள் ஆகிய பத்திகள் போதும்; சாதாரண விரிதாளே தாங்கும். பணம் வாங்கும்போதெல்லாம் எண்ணிட்ட ரசீது, ஒரு பிரதி அவருக்கு. மாதம் ஒருமுறை பேரேட்டையும் வங்கி அறிக்கையையும் வசூலில் ஈடுபடாத ஒருவர் ஒப்பிட வேண்டும்.

முக்கிய எண், முப்பது நாளுக்குமேல் தவறிய கடன்களின் முழு பாக்கி, மொத்த பாக்கியில் எத்தனை சதவீதம் என்பது. இருபது கடன், மொத்த பாக்கி 10,000. மூவர் முப்பது நாளுக்குமேல் தவறியிருக்கிறார்கள்; தவறிய தவணைகள் மட்டும் 300, அந்த மூவரின் முழு பாக்கி 1,500. ‘3 சதவீதம்தான் வரவில்லை’ என்று அறிக்கை தருவார்கள். ஆபத்தில் இருப்பது 15 சதவீதம். ஐந்தே கடன் உள்ள மன்றத்தில் ஒருவர் தவறினாலே இந்த எண் 20-ஐத் தொடலாம். அப்போது சதவீதத்தோடு பெயரையும் காரணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தேர்வும் விடுமுறையும் வந்தால்?

கல்வி ஆண்டின் நாட்காட்டியை முன்னால் வைத்துக் கடன் காலத்தை முடிவு செய்யுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் கொடுத்து, இறுதித் தேர்வுக்கு முன் முடியும் கடன்தான் மாணவர் மன்றத்துக்கு ஏற்றது. அதைத் தாண்டும் கடன் இருந்தால், விடுமுறையில் ஊரிலேயே இருக்கும் இருவர் பெயர் கடன் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். இறுதியாண்டு மாணவர் ஒருவரின் பொறுப்பில் மட்டும் எந்தக் கடனும் இருக்கக் கூடாது.

கைமாற்றத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். புதியவர் மூன்று மாதம் பழையவரோடு சேர்ந்து வேலை செய்யட்டும். கடன் வாங்கிய ஒவ்வொருவரிடமும் நேரில் அறிமுகம் ஆகட்டும். வங்கிக் கையெழுத்து, கடவுச்சொற்கள், ரசீதுப் புத்தகம், கடன் பத்திர மூலப்படிகள் இந்த நான்கும் பொறுப்பாசிரியர் முன் கைமாற வேண்டும்.

நுண்கடன் வறுமையை ஒழிக்குமா? பதாகையில் அப்படிப் போடலாமா?

போடாதீர்கள். ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2015-இல் ஒன்றாகத் தொகுத்து வெளியிட்ட அபிஜித் பானர்ஜி, டீன் கார்லன், ஜொனதன் ஜின்மன் ஆகியோர் கண்டது: சராசரியாகச் சிறு நன்மைகள் உண்டு, குடும்பங்களின் வாழ்க்கையையே புரட்டிப் போடும் மாற்றம் இல்லை. தொழிலைத் தேர்ந்தெடுக்கவும் செலவைத் திட்டமிடவும் கொஞ்சம் கூடுதல் சுதந்திரம் கிடைக்கிறது. அது சிறிய விஷயமல்ல, அதையே சொல்லுங்கள். கடன் வாங்கியவரின் படமும் கதையும் வேண்டுமென்றால், கடன் முடிந்தபின் கேளுங்கள். பணம் கொடுக்கும் நேரத்தில் கேட்டால் அவரால் மறுக்க முடியாது.

எப்போது நிறுத்துவது?

ஆபத்தில் உள்ள பாக்கி இரண்டு மாதம் தொடர்ந்து 20 சதவீதத்துக்குமேல் போனாலோ, அடுத்த ஆண்டுக்கு வசூல் பொறுப்பேற்க இருவர் கிடைக்காவிட்டாலோ புதிய கடனை நிறுத்துங்கள். வசூலை நிறுத்தாதீர்கள். இருக்கும் கடன்களைப் பழைய அட்டவணைப்படியே வாங்குங்கள். அவசரப்பட்டு மொத்தமாகக் கேட்காதீர்கள். கடைசிக் கடன் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ‘பாக்கி இல்லை’ என்று எழுத்தில் கொடுத்து, அவர்கள் தந்த ஆவணங்களைத் திருப்பிக் கொடுங்கள். மீதி நிதியை முதல் தீர்மானத்தில் குறித்த இடத்துக்கு அனுப்பி, கடைசிக் கணக்கை நன்கொடையாளர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள்.